சர்க்கரைப் பாகு

அத்தியாயம் 14

போன வாரம் தையலம்மாவைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவள் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. கணவர் தினமும் மூன்று வேளை குடிக்கிற மருந்தைக் கழுவுத்தொட்டியில் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஆனால் அவள் அதை எதற்காகச் செய்தாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தையலம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷ சர்வீஸ். கம்பெனியில் அவருக்கு 'நூல்காரர்' என்று பெயர். லிஃப்ட் ஏறி இறங்குகிற இரும்புத் தண்டு மேலிருந்து கீழ்வரை கோணாமல் நிற்கிறதா என்று குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். இவர் வெறும் கண்ணாலேயே சொல்லிவிடுவார், நூல் பிறகு வந்து ஆமாம் போடும்.

நடுவில் ஒன்பது வருஷம் குடித்தார். நான்கு வருஷத்துக்கு முன் நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான், அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் குடி தின்றுவிட்டுப் போன கல்லீரல் போனது போனதாகவே இருந்தது. அதற்காகத்தான் அந்தத் தித்திப்பு மருந்து. குடித்தால் வயிறு இளகும். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது ஓட வேண்டியிருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்பு, இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, கீழே இறங்குவதற்குள் அவரால் அடக்க முடியாமல் போய்விட்டது. கூட வேலை செய்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், ஐம்பத்தெட்டு வயது மனிதர் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் பேண்ட்டைத் தானே அலசினார். அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்த மனைவிக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். டாக்டர் சொன்னதை மீறமாட்டேன் என்றுவிட்டார். பாட்டிலை எடுத்துப் படித்துப் பார்த்தாள். 'மலச்சிக்கலுக்கு' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. சிக்கல்தான் இல்லையே, பின் எதற்கு இந்த மருந்து என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது?

ஆக, ஆறு நாளாகப் பாட்டிலில் பாகு. வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி. முன்னறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுத் தையலம்மா எழுந்து வந்தாள்.

முன்னறைதான் அவளுடைய தையலறை. ஜன்னலோரம் மெஷின், அதையொட்டி வெட்டுமேசை, சுவரோரம் பெரிய பிரம்புக் கூடை. கூடையில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய முப்பத்தாறு சாம்பல்நிறக் கால்சட்டைகள், பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு, அளவுவாரியாக அடுக்கி இருந்தன.

நூல்காரர் அந்தக் கூடைக்கு முன்னால் நின்றிருந்தார். பாத்ரூமில் எப்படி நிற்பாரோ அப்படியே நிதானமாக நின்றிருந்தார்.

"ஏங்க! என்ன பண்றீங்க? ஐயோ, அது துணிக் கூடைங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வெட்கமோ பதற்றமோ இல்லை. வேலைக்குப் போடுகிற நீலச்சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தார்.

"கதவு திறக்கல," என்றார். "தரைத்தளம் வந்துடுச்சு. கதவு மட்டும் திறக்கல."

"எந்தக் கதவு? என்ன பேசறீங்க நீங்க?"

அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைக்கப் போனாள். அப்போதுதான் அந்த வாசனை அவள் மூக்கில் ஏறியது. அவர் மூச்சில் ஒரு தித்திப்பு. நல்ல தித்திப்பு இல்லை, பழக்கூடையின் அடியில் கிடந்து அழுகியதுபோல ஒரு தித்திப்பு.

தையலம்மாவின் கை தானாகப் பின்வாங்கியது. ஆறு வருஷத்துக்கு முன் இதே அறையில், இதே நேரத்தில், யாரோ தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலைமேல் இவர் இதே காரியத்தைச் செய்திருக்கிறார். அன்றைக்கும் மூச்சில் வாசனை இருந்தது.

"குடிச்சீங்களா?"

அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"தெரியல," என்றார்.

நாற்காலியில் சாய்ந்த நிமிஷமே தூங்கிப்போனார். மூன்று நாளாகவே இப்படித்தான். ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக்கிடப்பார், பகலில் சோற்றுக் கையோடு கண் சொருகும். வயசாகிறது, வேலை அலுப்பு என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். கால்சட்டைகளை வாரி அணைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவள், அங்கேயே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். நான்கு வருஷம் காப்பாற்றி வைத்தது எல்லாம் போயிற்றே என்று அழுதாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர். பாதிப் பின்னலோடும், வகுப்புத் தாள்கள் பிதுங்குகிற பையோடும் ஓடி வந்தாள். அப்பா நாற்காலியில் கிடந்த கோலத்தைப் பார்த்தாள், குனிந்து மூச்சை மோந்தாள், நிமிர்ந்தாள்.

"எங்க வாங்கினாராம்?"

"கேட்டா தெரியலங்கறார்டி."

"அதான பாத்தேன். அவருக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?" டீச்சரின் குரல் உயரவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தாழும். "நாலு வருஷம் முன்னாடி நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கில்லம்மா? இன்னொரு தடவ தொட்டார்னா என் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்னு சொன்னேன்ல?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல சூப்பர்வைசருக்குச் சொல்லணும். ஏழு மணிக்கெல்லாம் வேலைக்கு நிக்கணும் இவர். காய்ச்சல்னு சொல்லிடு."

"சொல்லமாட்டேன்."

"ஏய், வேலை போயிடும்டி."

"போகட்டும்மா. எனக்குப் பதினாறு வயசுலேந்து காய்ச்சல், பேதி, செத்துப்போன சித்தப்பா திரும்பவும் செத்துட்டார்னு என்னை எத்தன பொய் சொல்ல வெச்ச நீ? வகுப்புல போய் நின்னு பொய் சொல்லாதீங்கன்னு பசங்களுக்குச் சொல்றவ நான். இனிமே முடியாது. அதுவும் இவர் ஏறி நிக்கறது லிஃப்ட்டு மேல."

அவள் போனை எடுத்தாள். தையலம்மா தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

"சார், நூல்காரர் பொண்ணு பேசறேன். அப்பா இன்னிக்கு வரமாட்டார். குடிச்சிருக்கார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நேத்து நல்லாத்தானம்மா இருந்தார்? அந்த ஒன்பது மாடி வீட்ல முன்பக்க லிஃப்ட்ட முடிச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுத்தான் போனார். சரி விடு. பின்பக்க லிஃப்ட்ட நானே போய்ப் பாத்துக்கறேன். மேல சொல்லாம இருக்க முடியாதும்மா. உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

உண்மையை மட்டுமே பேசுவது என்று வைராக்கியமாக இருந்த பெண், தன் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யை அன்றைக்குத்தான் சொன்னாள். பாவம், அவளுக்கு அது தெரியாது.

போன் பேச்சில் நூல்காரர் கண் விழித்துவிட்டார். 'குடிச்சிருக்கார்' என்ற வார்த்தை மட்டும் எப்படியோ உள்ளே போய்த் தைத்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்தார்.

"கோடு போடறேன்," என்றார். "நேரா போடறேன், பாரு."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்து வித்தை இது. முட்டக் குடித்துவிட்டு வந்த நாட்களிலும் ஒரு காகிதத்தை எடுத்து, அளவுகோல் இல்லாமல் நேர்கோடு ஒன்றைக் கிழித்து, "குடிச்சவன் போடற கோடா இது?" என்று அம்மாவிடம் காட்டுவார். கோடும் நேராகத்தான் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

பையிலிருந்து ஒரு தாளை உருவி வெட்டுமேசைமேல் அடித்தாள். ஒன்றிலிருந்து இருபதுவரை புள்ளிகள். வரிசையாக இணைத்தால் மீன் வரும். ஆறு வயசுப் பிள்ளைகளுக்கானது.

"போடுங்க. இதப் போடுங்கப்பா பாக்கலாம்."

அவர் பென்சிலை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அங்கே நின்றது. பென்சில் பதினொன்றுக்குப் போனது. அங்கிருந்து திரும்பவும் நான்குக்கு வந்தது. மணிக்கட்டு திடீரென்று தொய்ந்து விழுந்தது, உடனே தூக்கிக்கொண்டது, மறுபடி விழுந்தது. கோடு தாளைத் தாண்டி மேசையில் ஓடியது.

"அப்பா, நாலுக்கு அப்புறம் என்ன?"

"நாலு..."

"ம். நாலுக்கு அப்புறம்?"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. பதில் தெரியாமல் கரும்பலகை முன் நிற்கிற குழந்தைகளிடம் அவள் தினமும் பார்க்கிற பார்வை அது. தன் அப்பாவிடம் அதை அவள் இதுவரை பார்த்ததில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

டீச்சர் பயந்துபோனாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எவ்வளவு குடித்தாலும் இவருக்கு நாலுக்கு அப்புறம் ஐந்து என்று தெரியும்.

"அம்மா, செருப்ப மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஆஸ்பத்திரியில் அவரை ஒரு திரைக்குப் பின்னால் படுக்கவைத்தார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லவும், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடச் சொல்லிக் கணவனுக்குப் போன் செய்யவும் வெளியே போயிருந்தாள். வந்த டாக்டர் இளவயசுப் பெண். அவள் கண்ணைப் பார்த்தால் நேற்றுக் காலையிலிருந்து தூங்காதவள் மாதிரி இருந்தது.

"ஐயா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. வண்டிய நிறுத்தச் சொல்ற மாதிரி உள்ளங்கைய காட்டுங்க. அப்படியே வெச்சுக்கோங்க."

அவர் நீட்டினார். கைகள் ஒரு நொடி நின்றன. பிறகு மணிக்கட்டில் மடிந்து விழுந்தன, எழுந்தன, விழுந்தன. டாக்டர் குனிந்து அவர் மூச்சை மோந்தாள்.

"குடிச்சிட்டார்னு நெனச்சுத்தான் கூட்டிட்டு வந்தோம் டாக்டர்," என்றாள் தையலம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இது அந்த வாசனை இல்லம்மா. ஈரல் கெட்டவங்க மூச்சுல வர்ற வாசனை இது. சரி, இவர் கடைசியா எப்ப வெளிய போனார்?"

"வெளியன்னா?"

"கக்கூஸுக்கும்மா."

இப்படி ஒரு கேள்வியைத் தையலம்மா எதிர்பார்க்கவில்லை. மண்டை குழம்பிப்போனவருக்கு வயிற்றைப் பற்றி என்ன விசாரணை?

"ஆச்சு... அஞ்சு நாள் இருக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. "தித்திப்பா ஒரு சிரப் கொடுத்திருப்பாங்களே? குடிக்கறாரா, இல்லியா?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்குப் பொய் சொல்வது மிகச் சுலபம். 'குடிக்கறார்' என்று ஒரு வார்த்தை. தையலம்மாவின் வாய்வரை அது வந்துவிட்டது. பொய் சொல்லிச் சொல்லிக் குடும்பம் நடத்தியவள்தானே அவள். திரைக்குள்ளே படுத்திருந்தவர் கட்டில் கம்பியைத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அவர் குடிக்கறதா நெனச்சுட்டிருக்கார்," என்றாள். "நான்தான் அதக் கொட்டிட்டு, சக்கரப் பாகு ஊத்தி வெச்சேன். ரெண்டு நாள் பேதி நிக்கற மாத்திரையும் டீல கலந்து கொடுத்தேன்."

சொல்லிவிட்டுத் திட்டுக்குக் காத்திருந்தாள். டாக்டர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா?"

"வேலை செய்யற எடத்துல... போயிடுச்சு டாக்டர். எல்லாரும் பாத்துட்டாங்க. அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்ல. சட்டையில ஒரு கிரீஸ் கறை பட்டாலே மாத்திட்டுத்தான் பஸ் ஏறுவார். என்னால பாக்க முடியல."

டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினாள். பிறகு சொன்னாள். "உங்க வீட்ல கழிவுக் குழாய் அடைச்சுக்கிச்சுன்னா என்ன ஆகும்? தண்ணி திரும்பி வீட்டுக்குள்ளதான வரும்? குடல்ல கெடக்கற கழிவுலேந்து ஒரு மாதிரி விஷம் ஊறிட்டே இருக்கும்மா. எனக்கும் ஊறும், உங்களுக்கும் ஊறும். நம்ம ஈரல் அத வடிகட்டிடும். இவர் ஈரலால முடியல. அதனால அது ரத்தத்தோட நேரா மூளைக்குப் போயிடுது. அந்த சிரப்பு, வயித்துக்கான மருந்து இல்ல. வயித்துக்கு ஊத்தி மூளையக் காப்பாத்தற மருந்து. தினம் ரெண்டு மூணு தடவ போறதுதான் அவருக்கு நல்லது. போகலன்னாதான் நீங்க பயப்படணும்."

"பாட்டில் மேல மலச்சிக்கலுக்குன்னு போட்டிருந்துச்சு டாக்டர்."

"போட்டிருக்கும். எழுதிக் கொடுத்தவங்க இதையெல்லாம் உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது எங்க ஆளுங்க தப்பு." அவள் எழுந்தாள். "நேரமாக்க வேணாம். எனிமா வெச்சு, பின்வழியா அதே மருந்த ஏத்தறோம். வயிறு காலியானா கொஞ்சம் கொஞ்சமா தெளிவார். சாயங்காலத்துக்குள்ள உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்னா பாதிக் கிணறு தாண்டினோம்னு வெச்சுக்கலாம்."

"தெளியலன்னா?"

"தூக்கம் ஆழமாகிட்டே போகும்," என்று மட்டும் சொன்னாள் டாக்டர்.

அதற்குமேல் கேட்காமல் தையலம்மா திரையை விலக்கிக்கொண்டு நடைவழிக்குப் போனாள். 

டீச்சர் திரும்பி வந்தபோது அம்மா நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஈரல் கோளாறாம். மூளைக்கு ஏறிடுச்சாம்."

"குடிச்சா ஏறாம?" டீச்சர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பாத்தியா? நாலு வருஷம் பொத்திப் பொத்தி வெச்ச ஈரல். ஒரே நாள்ல..."

இல்லடி, அவர் குடிக்கல என்று சொல்ல வேண்டியது அப்போதுதான். தையலம்மா வாயைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். இவளுக்குத் தெரிந்தால் தன்னை என்ன நினைப்பாள்? பதினாறு வயசில் அந்தப் பொய்களையெல்லாம் சொல்லவைத்த அம்மா, கடைசியில் மருந்து பாட்டிலிலும் பொய்யை ஊற்றினாள் என்றல்லவா நினைப்பாள்? திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள்மீது எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான், பாகு காய்ச்சிய இடத்தில் இல்லை.

பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நர்ஸ்கள் இரண்டு தடவை படுக்கை விரிப்பை மாற்றினார்கள். மூன்றாவது தடவை நர்ஸ் வாளியோடு வந்தபோது தையலம்மா எழுந்துபோய், "நான் செய்யறேன்மா," என்றாள். நர்ஸ் வேண்டாம் என்றாள். தையலம்மா கேட்கவில்லை. அவரைப் புரட்டி, துடைத்து, அலசி, புது விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாள். எந்த நாற்றத்திலிருந்து அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் பாகைக் காய்ச்சினாளோ, அதே நாற்றத்தில் கையை விட்டுக்கொண்டு, இன்னும் போகட்டும், இன்னும் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு எழுப்பியும் அவர் எழவில்லை. மூன்று மணிக்கு டாக்டர் வந்து அவர் நெஞ்செலும்பில் விரல்முட்டியை அழுத்தினாள். முகம் சுளித்தார். "நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் அப்பாவின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குடித்தவரோ குடிக்காதவரோ, அப்பா கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

நாலே முக்காலுக்கு அவர் கண்ணைத் திறந்தார்.

கூரையைப் பார்த்தார். சலைன் பாட்டிலைப் பார்த்தார். அது தொங்கிய கம்பியைச் சற்று உற்றுப் பார்த்தார்.

"கம்பி சாஞ்சிருக்கு," என்றார்.

டீச்சர் சிரித்தாள், சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. கம்பி சாய்ந்துதான் இருந்தது. அரைவிரல் அளவு.

அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது, ஆனால் அவருடைய குரல்தான். கொஞ்சநேரம் எதையோ கூட்டிச் சேர்ப்பதுபோல நெற்றியைச் சுருக்கினார்.

"காலையில போன்ல சொன்னியே," என்றார் மகளிடம். "குடிச்சிருக்கார்னு."

டீச்சர் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எப்ப குடிச்சேன்னு எனக்கு ஞாபகம் வரலம்மா. எங்க வாங்கினேன், யார் கொடுத்தா, ஒண்ணும் வரல. ஆனா நீ பொய் சொல்றவ இல்ல." மூச்சு வாங்கினார். "மன்னிச்சிடு. பாப்பாவ அனுப்பலன்னா பரவால்ல. நீ சொன்ன சொல்லக் காப்பாத்து. நான்தான் காப்பாத்தல."

தையலம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நீங்க குடிக்கலங்க!"

நடைவழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு குடிக்கல நீங்க. நான்தான் உங்க மருந்தக் கொட்டிட்டு சக்கரப் பாகு ஊத்தி வெச்சேன். ஆறு நாளா நீங்க குடிச்சது அதான். நீங்க குழாயடியில உக்காந்து பேண்ட்டத் துவைச்சதப் பாத்துட்டுத்தான் செஞ்சேன். மருந்து இல்லாம, வயித்துல தங்கின விஷம் மூளைக்கு ஏறிடுச்சாம். காலையிலேயே டாக்டர் சொல்லிட்டாங்க. காலையிலேந்து எனக்குத் தெரியும். சொல்லாம உக்காந்திருந்தேன்."

டீச்சர் அம்மாவைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

நூல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.  திட்டுவார் என்று நினைத்தாள், கையை உதறுவார் என்று நினைத்தாள். அவர் தன் கையை விரிப்பின்மேல் நகர்த்தி அவள் விரல்களைத் தேடிப் பிடித்தார். அந்தக் கை இன்னும் லேசாகத் தொய்ந்து தொய்ந்து எழுந்தது.

"நாலு வருஷமாத் தொடல," என்றார் மெதுவாக. "ஆனா சொன்ன உடனே நானே நம்பிட்டேன் பாத்தியா?"

தையலம்மா அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். காலையில் போனை எடுத்து, குடித்திருக்கிறார் என்று சொன்னது அவள்தானே.

அப்போது நூல்காரர் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"ஆறு நாளான்னா, நேத்தும்தான?"

"ஆமாங்க."

"நேத்து நான் வேலைக்குப் போனேன்."

எழுந்து உட்காரப் பார்த்தார். சலைன் குழாய் இழுத்தது. மகள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"முன்பக்க லிஃப்ட்டு," என்றார். "கதவுப் பூட்டச் சோதிக்க கன்ட்ரோல் பெட்டியில குறுக்க ஒரு ஒயர் போட்டேன். அது இருந்தா, கதவு தொறந்திருந்தாலும் மூடியிருக்குன்னு லிஃப்ட்டு நெனச்சுக்கும். வேலை முடிஞ்சதும் எடுத்துடணும். போட்டது ஞாபகம் இருக்கு." விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார். "எடுத்தது ஞாபகம் இல்ல."

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களாமேப்பா. சூப்பர்வைசர் சொன்னாரே?"

"போட்டேனா? அதுவும் ஞாபகம் இல்லம்மா. ஒன்பது மாடி. முப்பத்தாறு வீடு. எத்தன குழந்தைங்க அதுல ஏறி எறங்கும். போன் போடு!"

டீச்சர் காலையில் பேசிய அதே எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"அந்த ஒன்பது மாடி வீட்லதாம்மா, கீழ. பின்பக்க லிஃப்ட்டு இன்னும் முடியல, நிறுத்திப் போட்டுட்டுக் கெளம்பறேன். ஏன்?"

"முன்பக்க லிஃப்ட்ட உடனே நிறுத்துங்க சார். அப்பா ஒரு ஒயர எடுக்காம வந்துட்டாரோன்னு பயப்படறார்."

அந்தப் பக்கம் குரல் மாறியது. "குடிச்சிருக்கார்னு காலையில நீதானம்மா சொன்ன? இப்ப அவர் பேச்சக் கேட்டு நான் ஒரு கட்டிடத்தையே நிறுத்தணுமா? நேத்துலேந்து நல்லாத்தான் ஓடிட்டிருக்கு."

"காலையில நான் சொன்னது பொய் சார்." டீச்சரின் குரல் உடைந்தது. "அவர் குடிக்கல. உடம்பு சரியில்லாமப் போச்சு. தெரியாம, நான்தான் பொய் சொல்லிட்டேன். இப்ப அவர் சொல்றதுதான் நெஜம். அவர்கிட்டயே கொடுக்கறேன்."

போனை அப்பாவின் காதில் வைத்தாள். அவரால் பிடிக்க முடியவில்லை, கை விழுந்தது. அவளே பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், நான்தான். கன்ட்ரோல் பெட்டியில கீழேந்து மூணாவது வரிசை. இடதுபக்கத்துலேந்து ஏழாவது திருகும் எட்டாவது திருகும். சிவப்பு ஒயர், ஒரு சாண் நீளம். கதவுல கால வெச்சு நிறுத்திடலாம்னு யாரும் போயிடாதீங்க. தொறந்த கதவோட அது கெளம்பும். இதுவரைக்கும் கதவு ஒழுங்கா மூடினதால தப்பிச்சோம். மேல மெஷின் ரூம்ல மெயின் சுவிட்ச்ச அணைக்கணும். அணைக்கறதுக்கு முன்னாடி உள்ள யாரும் இல்லன்னு பாத்துக்கோங்க."

மூன்றாவது, ஏழாவது, எட்டாவது. தடங்கல் இல்லாமல், வரிசை பிசகாமல் வந்தன எண்கள். காலையில் நான்கைத் தாண்டத் தெரியாமல் நின்ற மனிதர். டீச்சர் போனைப் பிடித்த கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனை அணைக்கவும் இல்லை. முதலில் ஏதோ கதவு தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. அவர் யாரையோ கூப்பிட்டு, "யாரையும் ஏற விடாத!" என்று கத்துவது கேட்டது. பிறகு காலடிச் சத்தம். தொப், தொப், தொப் என்று ஒரே சீராக. நடுநடுவே இரைக்கிற மூச்சு.

தையலம்மாவுக்குப் புரியவில்லை. "என்னங்க சத்தம் அது?"

நூல்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்து காதுப்பக்கம் வழிந்தது. இப்போது அதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"என்னை நம்பிட்டார்," என்றார். "படியேறிப் போறார்."